யாரும் கடைசி இல்லாத மரம்

மடிப்பு மேஜையில் ஒரு படுக்கை விரிப்பின் நான்கு மூலைகளையும் பெரியவள் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்திருந்த நேரத்தில், இஸ்திரி அக்கா அவள் முகத்துக்கு நேரே வந்து நின்றாள். கையில் சூடு தணியாத தலையணை உறைகள்.

"உன் தங்கச்சி பண்ணின வேலையப் பாத்தியா?"

"என்ன பண்ணினா?"

"என்ன பண்ணினாளா? நம்மள எல்லாம் கோடு போட்டு முடிச்சுட்டா. வந்து பாரு."

விரிப்பைப் பாதியில் விடுவது பெரியவளுக்குப் பிடிக்காது. ஓரத்தோடு ஓரம் சேர்த்து, மடித்து, அடுக்கில் வைத்துவிட்டுத்தான் போனாள். அதற்குள் துணி வெளுப்புப் பிரிவு மொத்தமும் கணினிக்கு முன்னால் கூடியிருந்தது. பெரிய ஆஸ்பத்திரி அது. அதன் அடித்தளத்தில், நீராவியும் சோப்பு வாசனையுமாக இருந்த கூடத்தின் மூலையில், உறை போட்டு மூடிய மேசைமேல் அந்தக் கணினி இருந்தது. பழைய கருப்புத் திரை. படம் வராது, அம்புக்குறி ஓடாது, எழுத்து மட்டும்தான் வரும். அதில் இப்போது இது வந்திருந்தது:

பொதுச்சேவை
├── காவல்
├── வாகனம்
├── சமையல்
├── துப்புரவு
├── பழுதுபார்ப்பு
└── துணி வெளுப்பு

ஒவ்வொரு பிரிவுக்குக் கீழேயும் அதன் உட்பிரிவுகள், அதற்குக் கீழே ஆட்களின் பெயர்கள் என்று கிளை கிளையாக விரிந்துகொண்டு போயிற்று. குழாய் ஒழுகினாலும் தள்ளுவண்டியின் சக்கரம் கழன்றாலும் யாரிடம் சொல்ல வேண்டும், அவர் இல்லையென்றால் அவருக்கு மேலே யார் என்று, ஒரு சொல்லைத் தட்டியதும் மரம்போலக் காட்ட வேண்டும். அதற்காகத்தான் சின்னவள் இந்த நிரலை எழுதினாள். முதல் மாடியில் கணினிப் பிரிவில் தற்காலிக வேலை அவளுக்கு. ஆறு பிரிவுத் தலைவர்களும் "இது எங்களுக்குப் பயன்படுகிறது" என்று கையெழுத்துப் போட்டால் வேலை நிரந்தரமாகும். போடாவிட்டால் மாதம் முடிந்ததும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

"எல்லாருக்கும் கோடு நேரா கீழ போகுது. நம்மகிட்ட வந்ததும் பாரு, முழங்கை மாதிரி மடங்கி நின்னுடுச்சு," என்றாள் இஸ்திரி அக்கா.

"அதுக்கென்ன?"

"அதுக்கென்னவா? தோட்ட வேலைய வெளி ஆளுங்ககிட்ட குடுத்தாங்களே, அப்பவும் இப்படித்தான். பேருக்கு அடியில ஒரு கோடு. அடுத்த மாசம் தோட்டத்துல ஒருத்தரும் இல்ல."

அது பொய்யில்லை. இந்த ஆஸ்பத்திரியில் ஒரு பிரிவை மூடினால், அறிவிப்புப் பலகையில் அதன் பெயருக்கு அடியில் ஒரு கோடு இழுத்துவிடுவார்கள். காரணம் எழுதுவதில்லை. ஆகவே கோடு எங்கே போய் நிற்கிறது என்று பார்ப்பது அங்கிருந்த எல்லாருக்கும் பழகிப்போன பயம்.

துணி வெளுப்பு கடைசிக்குப் போனதற்குக் காரணம் பெரியவளேதான். மற்ற பிரிவுகள் தங்கள் ஆட்களின் விவரத்தைக் கிறுக்கி அனுப்பிவிட்டன. இவள் மட்டும், யார் வெளுப்பு, யார் உலர்த்தல், யார் இஸ்திரி, யார் மடிப்பு என்று திரும்பத் திரும்பச் சரிபார்த்து, எல்லாருக்கும் பின்னால் கொடுத்தாள். வந்த வரிசையில் சின்னவள் ஏற்றிவிட்டாள். இதை இந்தக் கூட்டத்தில் சொல்லப் பெரியவளுக்கு நாக்கு எழவில்லை.

பிரிவுத் தலைவர் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். எந்நேரமும் விறைப்பான சட்டை போடுவதால் அவருக்குக் கஞ்சி சார் என்று பெயர்.

"நான் கையெழுத்துப் போடமாட்டேன்," என்றார். "தங்கச்சின்னு நீ சிபாரிசுக்கு வராதே."

"நான் வரவே இல்லையே சார்."

"வருவே."

சின்னவளைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். சிறு வயதிலிருந்தே உள்ளதை உள்ளபடி சொல்லி வீட்டாரை ஊர்வாயில் விழவைப்பதில் அவளுக்கு இணை கிடையாது. புதுப் புடவை கட்டிக்கொண்டு வந்த பக்கத்து வீட்டுக்காரம்மா "எப்படி இருக்கு கண்ணு?" என்று கேட்டதற்கு, "கலர் உங்களுக்கு ஒத்து வரல மாமி" என்றவள். பேருந்தில் இருந்துகொண்டு "இதோ வந்துட்டேன்" என்று சொல்ல அவள் வாய் வளையாது. "இன்னும் பாலமே தாண்டல" என்பாள். பெரியவள் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு வேலைக்குப் போனதால் சின்னவளைப் படிக்கவைக்க முடிந்தது. கணினியில் அவள் எழுதிய முதல் நிரல் ஓடியபோது, ஒன்றும் புரியாமலே பெரியவள் அதைத் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். "என்ன எழுதியிருக்கா?" என்று கேட்டவர்களுக்கு, "எழுதியிருக்கா, அவ்வளவுதான். உங்களுக்குச் சொன்னா புரியாது" என்று பதில்.

அன்று வீட்டுக்குப் போனதும் பெரியவள் கைப்பையைக்கூட இறக்கவில்லை.

"ஏண்டி, எங்களுக்கு மட்டும் ஏன் கோடு மடங்குது?"

சின்னவள் தட்டிலிருந்து நிமிரவில்லை. "கடைசியில வர்றது மடங்கத்தாங்கா செய்யும். ஒருத்தருக்கு கோடு போடறதுக்கு முன்னாடி அவருக்குப் பின்னாடி இன்னொருத்தர் இருக்காரான்னு நிரல் பாக்கும். இருந்தா கோட்ட கீழ விடும். இல்லன்னா மடக்கும். அவ்வளவுதான் அதுக்குத் தெரியும்."

"அது உனக்குத் தெரியும். இஸ்திரி அக்காவுக்கு?"

"அவங்களுக்கும் சொல்றேன்."

"சொல்லிக் கிழிச்சே. வரிசைய மாத்து."

"மாத்தினா வேற யாரோ கடைசியில வருவாங்க."

"வரட்டுமே! எங்களுக்கென்ன?"

உள் அறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "என்னடி சண்டை அங்க?"

"கோட்டுச் சண்டைம்மா!" என்றார்கள் இருவரும், வாழ்க்கையில் முதன்முறையாக ஒரே குரலில்.

மறுநாள் சின்னவள் பிரிவுகளை அகர வரிசையில் அடுக்கினாள். காவல், சமையல், துணி வெளுப்பு, துப்புரவு, பழுதுபார்ப்பு, வாகனம். துணி வெளுப்பு நடுவில் போய்ப் பத்திரமாக உட்கார்ந்துகொண்டது. அடித்தளத்தில் அமைதி திரும்பியது. ஆனால் மதியத்துக்குள் ஆம்புலன்ஸ் நிறுத்துமிடத்திலிருந்து ஒரு படையே கிளம்பி முதல் மாடிக்குப் போய்விட்டது. முன்னால் நின்றவர் வாகனப் பிரிவின் தலைவர். பேசினாலே வராந்தா அதிரும் என்பதால் ஓட்டுநர்கள் அவரை ஹாரன் அண்ணன் என்பார்கள்.

"நேத்து வரைக்கும் ரெண்டாவதா இருந்தோம். ஒரே ராத்திரியில கடைசியா? யாரு சொல்லி மாத்தினே? அந்தக் கஞ்சியா?"

"யாரும் சொல்லல சார். அகர வரிசை. 'வ' கடைசியிலதான் வரும்."

"அப்போ எங்களுக்கு வண்டின்னு பேரு வை."

"அதுவும் 'வ'தான் சார்."

ஹாரன் அண்ணன் விடவில்லை. "ஆம்புலன்ஸுன்னு வை!"

அதுவும் சரிதானே என்று பெரியவளுக்குத் தோன்றியது, விஷயத்தைக் கேள்விப்பட்டபோது. ஆனால் சின்னவள் ஒப்புக்கொள்ளவில்லை. அந்தப் பிரிவில் சவ வண்டியும் சரக்கு வண்டியும் இருந்தன. அவற்றை ஆம்புலன்ஸ் என்று எப்படிச் சொல்வது? தவிர, வாகனத்தை முதலில் தூக்கி வைத்தால் பழுதுபார்ப்பு கடைசிக்கு வரும். அங்கே இருக்கும் ஆட்களின் கையில் எப்போதும் திருகுசாவி இருக்கும்.

தொல்லை அதோடு நிற்கவில்லை. பிரிவுக்குள் உட்பிரிவு, உட்பிரிவுக்குள் ஆள் என்று மரம் இறங்கிக்கொண்டே போனதால், ஒவ்வொரு கிளைக்கும் ஒரு கடைசி ஆள் இருந்தார். இஸ்திரிக் கிளையில் அது இஸ்திரி அக்காவேதான்.

"பிரிவு தப்பிச்சுது, நான் மாட்டிக்கிட்டேன்," என்று அவள் தலையணை உறைகளை மேஜையில் அறைந்தாள். பெரியவள் அவற்றை எடுத்து நேராக அடுக்கினாள். பேசினால் வார்த்தை தடித்துவிடும்.

பொறுக்க முடியாமல் சின்னவள் ஒரு வேலை செய்தாள். கடைசி ஆள், நடு ஆள் என்று பார்க்காமல் எல்லாருக்கும் ஒரே மாதிரி கோடு போட்டாள். யாருக்கும் மடங்கவில்லை. எல்லாக் கோடுகளும் நேரே கீழே இறங்கின. ஆள் தீர்ந்த பிறகும் இறங்கின. திரையின் அடிவிளிம்பு வரை ஒன்றுமில்லாத இடத்தில் தொங்கிக்கொண்டு நின்றன.

அதற்கு வந்த வினை இன்னும் மோசம்.

"இந்தக் கோட்டுக்குக் கீழ யாரு இருக்கா?" என்று துப்புரவுப் பிரிவிலிருந்து ஒருத்தி கேட்டாள்.

"யாரும் இல்ல."

"யாரும் இல்லன்னா கோடு ஏன் போகுது? யாரையோ மறைச்சு வெச்சிருக்கீங்க. வேலையே செய்யாம சம்பளம் வாங்கற ஆளா?"

ஒவ்வொரு பிரிவிலும் மறைத்து வைத்த ஆளைத் தேட ஆரம்பித்தார்கள். பொத்தானைத் தட்டித் தட்டி அடுத்த பக்கம், அடுத்த பக்கம் என்று போய்ப் பார்த்தார்கள். சமையல்கட்டில் மேற்பார்வையாளரின் மைத்துனர்தான் அந்த ஆள் என்று முடிவே கட்டிவிட்டார்கள். அவருக்கு மைத்துனரே கிடையாது.

பெரியவளுக்கு உச்சந்தலையில் கொதித்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. கூட வேலை செய்கிறவர்களைத் திட்ட முடியாது. நாளைக்கும் அதே மேஜை. சின்னவளைத் திட்டலாம், அதற்கு உரிமை இருக்கிறது.

"நான் ஒரு வழி சொல்றேன், கேக்கறியா? ஒவ்வொரு கிளைக்கும் அடியில 'காலி'ன்னு ஒரு வரி போட்டுடு. அது மடங்கட்டும். மனுஷங்க யாரும் கடைசி இல்ல. தீந்தது."

"இல்லாத ஆள எப்படிக்கா உக்கார வைக்கறது?"

"ஒரு வரிதானே!"

"காலின்னா இடம் காலியா இருக்குன்னு அர்த்தம். நிர்வாக மேடம் பாத்துட்டு, இத்தன இடத்த யாரு உண்டாக்கினதுன்னு கேட்டா நான் என்ன சொல்றது? எங்கக்கா சொன்னான்னா?"

"அக்காவ எதுக்குடி இழுக்கற? ஒரு சின்னப் பொய் சொன்னா வேல நிரந்தரமாகும். ஊர்ல எல்லாரும் சொல்றாங்க. உன் வாயில மட்டும் பூட்டு!"

சின்னவள் எழுந்து போய் மறுபடியும் கோடுகளைச் சரிசெய்ய உட்கார்ந்தாள். கடைசி மடங்கும். அகர வரிசை. அதுதான் உண்மை, கையெழுத்துக்காகத் தலைவர்கள் கூடும் கூட்டத்தில் அதையே காட்டப்போகிறேன் என்று சொல்லிவிட்டாள். பெரியவள் தலையில் அடித்துக்கொண்டாள். படிக்கவைத்ததற்குப் பதில் தையல் கற்றுக்கொடுத்திருக்கலாம். தையலிலும் இவள் நூல் தெரிகிறது என்று உள்ளதைச் சொல்லி வாடிக்கையாளரை விரட்டியிருப்பாள்.

கூட்டம் இரண்டாம் மாடி அரங்கில் நடந்தது. நிர்வாக அதிகாரியான மேடம் நடுவில் உட்கார்ந்தார். ஆறு பிரிவுத் தலைவர்களும் சுற்றி உட்கார்ந்தார்கள். கஞ்சி சார் விசைப்பலகையைத் தொடமாட்டார் என்பதால், துணைக்குப் பெரியவளையும் கூட்டிக்கொண்டு போயிருந்தார். அவள் சுவரோரம் நின்றாள். தங்கையின் கழுத்து விறைத்திருந்தது அங்கிருந்தே தெரிந்தது.

"காட்டு, பாப்போம்," என்றார் மேடம்.

சின்னவள் சொல்லைத் தட்டினாள். கீழே உள்ள கணினிகளில், திரை நிறைந்ததும் மரம் நின்று, பொத்தானைத் தட்டினால்தான் மேலே நகரும். அரங்கத்துக் கணினியில் அந்த ஏற்பாட்டைச் செய்ய அவள் மறந்திருந்தாள். மரம் குழாயைத் திறந்துவிட்ட மாதிரி ஓடியது. காவல், சமையல், துணி வெளுப்பு எல்லாம் ஒருவர் கண்ணிலும் தங்காமல் மேலே பறந்து மறைந்தன. ஓட்டம் நின்றபோது திரையில் மிச்சம் இருந்தது கடைசிப் பகுதி மட்டும்: வாகனம், அதன் உட்பிரிவுகள், ஓட்டுநர்களின் பெயர்கள்.

"மன்னிக்கணும் மேடம், மேல போய் முதல்லருந்து காட்டறேன்," என்று சின்னவள் மேலே நகர்த்தும் பொத்தானைத் தேடினாள். அந்த விசைப்பலகையில் அந்தப் பொத்தான் இருந்த இடத்தில் ஒரு பள்ளம்தான் இருந்தது.

"இருக்கட்டும், இருக்கட்டும்." மேடம் கண்ணாடியை மூக்கின்மேல் தள்ளிக்கொண்டு படித்தார். "ஆம்புலன்ஸ், இரவுப் பணி... ரெண்டே பேரா?"

ஹாரன் அண்ணன் சண்டை போடுவதற்காகச் சட்டைக் கையை மடித்துவிட்டு வந்திருந்தவர். மடித்த கையை இறக்கிவிட்டுக்கொண்டார். "ஆமா மேடம். வருஷக்கணக்கா ரெண்டே பேருதான்."

"ஒருத்தருக்கு உடம்பு சரியில்லன்னா?"

"நான் ஓட்டுவேன் மேடம்."

"இத ஏன் எனக்கு யாரும் சொல்லல? அடுத்த வாரம் என் அறைக்கு வாங்க, பேசுவோம்." பிறகு ஓட்டுநர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாய்விட்டே படித்தார். இத்தனை காலத்தில் அந்தப் பெயர்களை அந்த அரங்கில் யாரும் உச்சரித்திருக்கமாட்டார்கள்.

மற்ற ஐந்து நாற்காலிகளும் கிரீச்சிட்டன.

"மேடம்," என்று கஞ்சி சார் எழுந்தார். "மொதல்ல எங்க பிரிவுதான் கடைசியா இருந்தது. யாரோ மாத்திட்டாங்க."

பெரியவளுக்கு, சுவரில் போய் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

"எங்களையும் ஒரு தடவ கடைசியில போட்டுப் பாக்கலாமே," என்றார் சமையல் மேற்பார்வையாளர். "அடுப்பு ரெண்டு எரியறதே இல்ல."

"போன வாரம் நீங்கதானே, கடைசியில போடறதா இருந்தா எங்க பேரையே எடுத்துடுன்னு சொன்னீங்க?" என்று சின்னவள் கேட்டாள். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"அது போன வாரம்."

"நாங்க கடைசியில வந்தாச்சு. எடுத்தா கையெழுத்து கிடையாது," என்றார் ஹாரன் அண்ணன், மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு.

"எங்கள கடைசியில வெக்கலைன்னா எங்க கையெழுத்து கிடையாது," என்றார் கஞ்சி சார்.

ஆறு பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். மேடம் பேனாவால் மேசையைத் தட்டினார். சின்னவள் எழுந்து நின்றாள். முகம் சிவந்திருந்தது. வேலை போயே போய்விட்டது என்று பெரியவள் தீர்மானித்துக்கொண்டாள். இவள் இப்போது உள்ளதை உள்ளபடி சொல்லப்போகிறாள்.

சொன்னாள்.

"இந்த மரத்துல யாரு யாருக்குக் கீழங்கறதுக்குத்தான் அர்த்தம். பக்கத்துல பக்கத்துல நிக்கறவங்கள்ல முன்ன யாரு, பின்ன யாருங்கறதுக்கு ஒரு அர்த்தமும் இல்ல. இத்தன நாளா தொண்டை கிழிய இததான் சொல்லிட்டிருக்கேன். எப்படி வேணா அடுக்கலாம், எதுவும் பொய்யில்ல." அங்கே அவள் திடீரென்று நிறுத்தினாள். தான் சொன்னதையே அவள் அப்போதுதான் கேட்பதுபோல் இருந்தது. "எப்படி வேணா அடுக்கலாம்," என்று மறுபடி சொன்னாள், இந்தத் தடவை தனக்கே.

பிறகு உட்கார்ந்து, விசைப்பலகையை இழுத்து, நிரலைத் திறந்து சில வரிகளை மாற்றினாள். அறையில் எல்லாரும் அவள் விரல்களையே பார்த்தார்கள்.

"இப்ப இது துணி வெளுப்புல இருக்கற கணினின்னு வெச்சுக்கங்க," என்று தட்டினாள். மரம் ஓடி நின்றது. திரையில் நின்றது துணி வெளுப்பு, கடைசியில், கோடு மடங்கி. "இப்ப இது சமையல்கட்டுல." மறுபடி ஓடியது. நின்றது சமையல். "எந்தக் கணினியில பாத்தாலும் அந்தப் பிரிவு கடைசியில வரும். கீழ இருக்கற கணினிகள்லயும் இனிமே நடுவுல நிறுத்தாம ஓட விட்டுடறேன். அவங்க ஆளுங்க அவங்க கண் முன்னாடி நிப்பாங்க. மேல தேடிட்டுப் போக வேண்டாம்."

"அப்போ எல்லாரும் கடைசியா?" என்றார் கஞ்சி சார்.

"அவங்கவங்க இடத்துல, ஆமா சார்."

"ஆட்களுக்குள்ள? அங்கயும் ஒருத்தரு மடங்குவாங்களே."

"மடங்குவாங்க சார். ஓட்டம் நின்னதும் மேடம் கண்ணுல மொதல்ல படறதும் அவங்க பேருதான்."

கஞ்சி சார் யோசித்தார். இந்தச் செய்தி கீழே போனால் இஸ்திரி மேஜையில் என்ன நடக்கும் என்று பெரியவளும் யோசித்தாள். மடிப்பு மேஜைக்காரர்கள் எல்லாம் தங்களைக் கடைசியில் போடச் சொல்லி இன்றே வரிசையில் நிற்பார்கள்.

கஞ்சி சார் பேனாவின் மூடியைக் கழற்றினார். அவர் போட்டதைப் பார்த்துவிட்டுச் சமையல் போட்டார். தனியாக மாட்டிக்கொள்வோமோ என்று மற்றவர்களும் போட்டார்கள். ஹாரன் அண்ணன் போடும்போது, "அடுத்த வாரம் நான் வர்றது உறுதிதானே மேடம்?" என்று கேட்டு உறுதிசெய்துகொண்டுதான் போட்டார்.

மேடம் காகிதத்தைத் தன் பக்கம் இழுத்து, கடைசியாகக் கையெழுத்திட்டார். "நிரந்தரத்துக்கு அனுப்பிடறேன்," என்றார். "உத்தரவு வரும். வந்ததும் மொத வேலையா, டாக்டர்களுக்கும் இதே மாதிரி ஒரு மரம் போட்டுடு. யார் யாருக்குக் கீழன்னு அங்கயும் ஒருத்தருக்கும் தெரியமாட்டேங்குது."

சின்னவளின் முகத்தில் வந்துகொண்டிருந்த சிரிப்பு பாதியில் நின்றது.

மாடிப்படியில் இறங்கும்போது பெரியவளால் அடக்க முடியவில்லை.

"டாக்டருங்களாம்! துணி துவைக்கறவங்களே இந்த ஆட்டம் ஆடினாங்க. பெரிய டாக்டர ரெண்டாவதா போட்டுப் பாரு, அப்பத் தெரியும். முடியாதுன்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? மத்த நேரத்துல எல்லாம் வாய் நீளுதில்ல?"

"முடியும்கா. எப்படி முடியாதுன்னு சொல்றது?"

"அதானே! அந்தப் பொய்யும் உனக்கு வராதே! நிரந்தரம் வேணும் நிரந்தரம் வேணும்னே, இனிமே நிரந்தரமா அனுபவி. ராத்திரி கோடு கோடுன்னு கனவுல உளறினா நான் எழுந்து பாக்கமாட்டேன், சொல்லிட்டேன். அந்தப் பொத்தான்கூட இல்லாத கணினிய வெச்சுக்கிட்டு, முன்னாடியே போய்ப் பாத்துவெச்சா என்ன? எல்லாத்தையும் நானேவா சொல்லணும்?"

கீழ்ப்படியில் இருந்த காவலாளி சத்தம் கேட்டு எழுந்து வந்தார். "என்னம்மா, என்ன தகராறு? யாரு மேல இவ்வளவு கோபம்?"

"தகராறும் இல்ல, ஒண்ணும் இல்ல!" என்று பெரியவள் அதே குரலில் அவர்மேல் பாய்ந்தாள். "என் தங்கச்சிக்கு வேலை நிரந்தரமாயிடுச்சு!"